மாறிவரும் பருவநிலையும் நாட்டின் வரவு செலவுத் திட்டமும்

வேளாண்மை செய்யும் ஒவ்வொரு குடும்பமும் பட்டம் தொடங்குமுன் ஒரு கணக்குப் போடுகிறது. உழவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் இவ்வளவு என ஒதுக்கி, கையிருப்புக்கும் வாங்கக்கூடிய கடனுக்கும் ஏற்பப் பயிரைத் தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கில் எழுதப்படாத வரி ஒன்று உண்டு. மழை வழக்கமான மாதத்தில், வழக்கமான அளவில் பெய்யும் என்ற நம்பிக்கைதான் அது. நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்களும் ஆண்டு வரவு செலவுத் திட்டங்களும் நெடுங்காலம் இதே நம்பிக்கையின் மீதுதான் தீட்டப்பட்டு வந்தன. பாலத்தின் அகலமும், ஏரிக் கலங்கலின் உயரமும், விதைப் பண்ணைக்கான இரகமும் பழைய மழைக் கணக்கைக் கொண்டே முடிவு செய்யப்பட்டன.

அந்தப் பழைய கணக்கு இப்போது தவறத் தொடங்கியுள்ளது. எனவே அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் காலநிலை மாற்றத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. இது அதிகாரிகளுக்கும் பொருளாதார அறிஞர்களுக்கும் மட்டும் உரிய செய்தி அன்று. சிறு விவசாயியின் வயலில் தண்ணீர் நிற்பதும் வடிவதும் இதைப் பொறுத்தே அமையும்.

மழையின் போக்கில் மாற்றம்

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மி.மீ. ஆகும். இதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அண்மை ஆண்டுகளில் இம்மழை எவ்வாறு பெய்தது என்பதைக் காண்போம். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை, கடலூர் உள்ளிட்ட வட மாவட்டங்கள் பெருவெள்ளத்தில் மூழ்கின. அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையை விட இது அதிகம்.

தனியொரு புயலையோ வறட்சியையோ காட்டி, அது காலநிலை மாற்றத்தால் மட்டுமே வந்தது என்று கூற இயலாது. ஆயினும் போக்கு தெளிவாக உள்ளது. 1850-1900 ஆண்டுகளோடு ஒப்பிட, 2011-2020 ஆண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது மழை கனத்துப் பெய்கிறது. பெய்யாத நாட்களில் மண்ணின் ஈரம் விரைந்து வறண்டு விடுகிறது. மத்திய அரசின் 2017-18-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, காலநிலை மாற்றத்தால் விவசாய வருமானம் சராசரியாக 15 முதல் 18 சதவிகிதம் வரையிலும், பாசன வசதியற்ற பகுதிகளில் 20 முதல் 25 சதவிகிதம் வரையிலும் குறையக்கூடும் என மதிப்பிட்டுள்ளது. மானாவாரி விவசாயிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வந்தபின் செலவும் வருமுன் செலவும்

இயற்கைச் சீற்றத்துக்கு அரசு இரண்டு வகையில் செலவு செய்யலாம். சேதம் வந்தபின் நிவாரணம் அளிப்பது ஒன்று. சேதம் வராமல் அல்லது குறையுமாறு முன்கூட்டியே வேலை செய்வது மற்றொன்று. நெடுங்காலம் முதல் வகைச் செலவே மேலோங்கி இருந்தது.

நிவாரணம் தேவையானதே. ஆனால் அது இழப்பை ஈடு செய்வதில்லை. 2022 முதல் 2026 வரையிலான மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறைப்படி, 33 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு எக்டருக்கு ரூ.17,000 வீதம், இரண்டு எக்டர் வரை உதவி நிர்ணயிக்கப்பட்டது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ ரூ.6,900 ஆகும். ஓர் ஏக்கர் சம்பா நெல்லுக்குத் தாம் செய்யும் செலவை விவசாயிகளே இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வருமுன் செய்யும் செலவின் பயனுக்கு ஒடிசா மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. 1999 அக்டோபரில் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் உயிரிழந்தனர். அதன்பின் அம்மாநிலம் பேரிடர் தணிப்புக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. கடலோரங்களில் புயல் காப்பிடங்களைக் கட்டியது. கிராமந்தோறும் எச்சரிக்கை சென்று சேர ஏற்பாடு செய்தது. 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும் புயல் தாக்கியபோது, ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழந்தோர் எண்ணிக்கை 50-க்கும் குறைவு. எனினும் பயிர்களையும் வீடுகளையும் அப்புயல் பெருமளவில் அழித்தது. உயிரைக் காக்கும் திட்டம் வந்துவிட்டது, பிழைப்பைக் காக்கும் திட்டம் இன்னும் வர வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு அளித்த பரிந்துரையில், மாநிலங்களின் பேரிடர் நிதியில் 80 சதவிகிதத்தை நிவாரணம் மற்றும் மறுசீரமைப்புக்கும், 20 சதவிகிதத்தைத் தணிப்புப் பணிகளுக்கும் ஒதுக்குமாறு கூறியது. வருமுன் காக்கும் பணிக்கென மாநிலப் பேரிடர் நிதியில் தனிப் பங்கு இவ்வாறு வகுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

தனித் திட்டம் மட்டும் போதாது

காலநிலை மாற்றத்துக்கென ஒரு தனித் துறையும் தனி நிதியும் ஏற்படுத்தினால் வேலை முடிந்தது எனக் கருதுவது தவறு. தனி நிதி எவ்வளவு பெரிதாயினும், சாலை, பாசனம், மின்சாரம், கொள்முதல் ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகையின் முன் அது சிறிதே. அந்தப் பெருந்தொகை பழைய மழைக் கணக்கிலேயே செலவிடப்பட்டால், ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடித்ததாகும். எனவே, "மாறிவரும் மழையையும் வெப்பத்தையும் இது தாங்குமா?" என்று ஒவ்வொரு வேலையிலும் பணம் ஒதுக்குமுன் கேட்பதே திட்டத்தில் இணைத்தல் எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். டெல்டாக் கிராமம் ஒன்றில் வயல்களின் நடுவே செல்லும் மண் சாலையை உயர்த்தித் தார்ச் சாலை போடுகிறார்கள். குறுக்கே செல்லும் வடிகாலுக்கு இரண்டடி விட்டமுள்ள குழாய் வைக்கப்படுகிறது. சாலை நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் கனமழை பெய்தால், அந்தச் சாலையே அணையாகி மேற்புற வயல்களில் தண்ணீரைத் தேக்குகிறது. இளம்பயிர் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கினால் அழுகுகிறது. கதிர் முற்றிய பயிர் சாய்ந்தால் மணி முளைத்து விடுகிறது.

அதே இடத்தில் மூன்றடிக் குழாய் வைத்திருந்தால், நீர் செல்லும் பரப்பு இரண்டேகால் மடங்காகும். செலவோ அதே அளவில் உயராது. மண் வேலையும், ஆள் கூலியும், தாரும் எப்படியும் ஆகும் செலவுதான். குழாய்க்கு மட்டுமே கூடுதல் தொகை தேவை. சாலை போட்டு முடித்தபின் அதை உடைத்துக் குழாய் மாற்றினால் எல்லாச் செலவும் மீண்டும் ஏற்படும். ஆகவே கேள்வி கேட்க வேண்டிய நேரம் மதிப்பீடு தயாராகும் நேரமே.

இவ்வாறே ஏரியைத் தூர் வாரும்போது கலங்கலும் வரத்து வாய்க்காலும் சேர்த்துச் செப்பனிடப்படுகின்றனவா என்றும், நெல் கொள்முதல் நிலையத்தில் பருவம் தவறிய மழைக்குக் கூரையும் உயரமான தளமும் உள்ளனவா என்றும், வெள்ளம் தேங்கும் வட்டாரத்துக்குச் சி.ஆர். 1009 சப் 1 போன்ற, மூழ்கலைத் தாங்கும் இரக விதை ஒதுக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

மத்திய அரசு 2008 ஜூன் 30-ஆம் நாள் காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதில் அமைந்த எட்டு இயக்கங்களுள் நீடித்த வேளாண்மையும் நீர்வளமும் இடம் பெற்றன. அதைத் தொடர்ந்து மாநிலங்களும் தத்தம் செயல்திட்டங்களைத் தயாரித்தன. 2011-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் காலநிலையைத் தாங்கும் வேளாண்மைக்கான ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் 650-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு மாற்றுப் பயிர்த் திட்டங்கள் உருவாக்கப்பட்டன.

ஒடிசா அரசு 2020-21-ஆம் ஆண்டில் காலநிலைக்கெனத் தனி வரவு செலவு அறிக்கையை வெளியிட்டது. ஒரு திட்டம் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க எவ்வளவு உதவுகிறது, காலநிலை மாற்றத்தால் அத்திட்டமே எவ்வளவு பாதிக்கப்படக்கூடும் என்று இரு வகையிலும் அதில் மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 14-ஆம் நாள் முதன்முறையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை அளிக்கப்பட்டது. 2022-இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டு, மாவட்ட அளவில் ஆட்சித் தலைவர்களின் பொறுப்பில் அமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன.

ஒன்றை இங்கு மறத்தலாகாது. ஒரு திட்டத்தைக் காலநிலைத் தலைப்பின் கீழ் எழுதுவதால் மட்டும் அது பயன் தந்துவிடாது. சொட்டு நீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் மிச்சமான தண்ணீரைக் கொண்டு மேலும் இரண்டு ஏக்கரில் வாழை வைத்தால், கிணற்றின் நீர்மட்டம் உயராது. ஏட்டில் சேமிப்பு, கிணற்றில் சேமிப்பு இல்லை என்ற நிலையே ஏற்படும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

மேலே கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர் ஊரில் உள்ளவரே. எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது மாவட்ட அலுவலகத்து வரைபடத்தில் இராது. அதை எழுத்தில் கொடுத்தால்தான் திட்டத்தில் சேரும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. வெள்ளம் வந்த ஆண்டில், தண்ணீர் ஏறிய உயரத்தைச் சிறுபாலத்தின் சுவரிலும் மதகிலும் வண்ணம் பூசி, தேதியுடன் குறிக்க வேண்டும். நீர் நின்ற நாட்களையும் பாதித்த புல எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வறட்சி ஆண்டில் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதலாம்.

2. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வடிகால், கலங்கல், வரத்து வாய்க்கால் பணிகளை இடம், நீளம், பயன்பெறும் பரப்பு ஆகியவற்றுடன் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். "வடிகால் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த வாய்க்கால், எந்த இடத்தில் அடைகிறது, எத்தனை ஏக்கர் மூழ்குகிறது என்று சொல்லும் கோரிக்கைக்கு மதிப்பீடு தயாரிப்பது எளிது. நிதிநிலை அறிக்கை வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மதிப்பீடுகள் தொடங்கிவிடும். எனவே ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்களைத் தவற விடலாகாது.

3. மாவட்ட மாற்றுப் பயிர்த் திட்டத்தை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு அறியலாம். பருவமழை இரண்டு, நான்கு, ஆறு, எட்டு வாரம் தாமதித்தால் எந்தப் பயிர், எந்த இரகம் என்று அதில் கூறப்பட்டிருக்கும். தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டில் நீண்ட கால நெல் இரகத்தை விடுத்து, மத்திய கால இரகத்துக்கு மாறுவது நல்லது. அதற்கான விதை வட்டாரத்தில் இருப்பில் உள்ளதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். விதை இல்லாத மாற்றுத் திட்டம் வெறும் காகிதமே.

4. பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடலாகாது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு, காரிப் உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதமும், ராபி பயிருக்கு ஒன்றரை சதவிகிதமும் ஆகும். குத்தகைக்குப் பயிரிடுவோரும் சேரலாம். நெல்லுக்கு இழப்பீடு பெரும்பாலும் கிராமத்தின் சராசரி விளைச்சலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே அறுவடைச் சோதனை நடக்கும் நாளில் ஊர் விவசாயிகள் உடனிருப்பது நன்று.

5. குடும்பக் கணக்கிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். சாகுபடிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை வரப்பை உயர்த்தவும், வயல் வடிகாலைச் செப்பனிடவும், பண்ணைக் குட்டை வெட்டவும் முதலிலேயே எடுத்து வைக்கலாம். நிலம் முழுவதையும் ஒரே இரகத்துக்கு விடாமல், இரு வேறு வயதுள்ள இரகங்களைப் பிரித்துப் பயிரிட்டால் ஒரே மழையில் எல்லாம் இழக்க நேராது.

முடிவுரை

வரப்பை உயர்த்துவது தனி விவசாயியால் இயலும். ஊர் வடிகாலை ஆற்றுடன் சேர்ப்பது அவரால் இயலாது. அது பொதுப் பணத்தால் ஆக வேண்டிய வேலை. அந்தப் பணம் சேதத்துக்குப் பின் நிவாரணமாக வருவதைவிட, சேதத்துக்கு முன் வடிகாலாகவும் மதகாகவும் விதையாகவும் வந்தால், அதே ரூபாய்க்குப் பல பருவங்கள் பயன் உண்டு. நாட்டின் வரவு செலவுத் திட்டம் தலைநகரில் படிக்கப்பட்டாலும், அதில் சேர வேண்டிய செய்தி வயலில்தான் இருக்கிறது. அதை எழுதி, எண்ணிக்கையுடன், உரிய காலத்தில் கிராம சபையில் வைத்து விவசாயப் பெருமக்கள் பயன்பெற வேண்டும்.