வீட்டில் பெரியவருக்குப் புற்றுநோய்: குழந்தையிடம் என்ன சொல்வது?

நம் வகுப்புகளில் தாத்தா, பாட்டியின் அரவணைப்பில் வளரும் குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். பெற்றோர் வேலைக்குப் போய்விட, பள்ளிக்குக் கிளப்பி அனுப்புவதும் மாலையில் வாசலில் காத்திருப்பதும் அவர்கள்தாம். அப்படிப்பட்ட ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். குழந்தை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சென்ற ஆண்டு என் மாமியாருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. எங்கள் குடும்பம் அதிலிருந்து அறிந்துகொண்டவை ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் நோயாளிக்குத் தெரிய வேண்டும்

அத்தைக்கு வயது 71. கன்னத்தின் உட்புறம் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சிறிது திசுவை எடுத்துப் பரிசோதித்ததில் வாய்ப்புற்றுநோய் என உறுதியானது. "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், பயந்துடுவாங்க" என்றார் என் கணவரின் அண்ணன். மருத்துவர் நேராக அத்தையிடமே கேட்டார்: "ரிப்போர்ட்டைப் பத்தி உங்ககிட்ட பேசட்டுமா, பசங்ககிட்ட மட்டும் பேசட்டுமா?" அத்தை, "என் உடம்புக்கு வந்ததை என்கிட்டதானே சொல்லணும்" என்றார்.

அறுவை சிகிச்சையும், அதன்பின் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களுக்குக் கதிர்வீச்சும் தேவை என்று விளக்கினார்கள். யார் உடன் வருவது, எதைச் சாப்பிட முடியும் என்பதையெல்லாம் அத்தையே கேட்டு முடிவு செய்தார்.

குழந்தையின் மூன்று கேள்விகள்

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் நோயின் பெயரை மறைக்காமல் சொன்னோம். என்ன சிகிச்சை, அந்த நாள்களில் அவளை யார் கவனித்துக்கொள்வார்கள் என்பதையும் சொன்னோம். அவள் மூன்று கேள்விகள் கேட்டாள்.

முதலாவது, "ஒட்டிக்குமா?" புற்றுநோய் தொட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ பரவாது. உடலுக்கு வெளியே உள்ள கருவியிலிருந்து கதிர்வீச்சு பெறுபவர், சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, "அப்பாயி செத்துருவாங்களா?" "டாக்டர்கள் குணமாக்கத்தான் பார்க்கிறார்கள். நிலைமை மாறினால் உன்னிடம் மறைக்க மாட்டோம்" என்றோம். தெரியாததை உறுதியாகச் சொல்லவில்லை. ஒருவர் இறந்தால், 'தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சின்னக் குழந்தைகளிடம் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். குழந்தை தூங்கவே பயப்படலாம். அல்லது வருவார் என்று காத்திருக்கலாம்.

மூன்றாவதை உடனே கேட்கவில்லை. பல நாள் கழித்து, "நான் கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கிக் கொடுத்ததாலதானே?" என்றாள். அத்தை வெற்றிலையோடு புகையிலை போடுபவர். பெட்டிக்கடைக்குப் பேத்தியை அனுப்புவதும் உண்டு. புகையிலை வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று பள்ளியில் கேட்டதும், அந்தப் பாரத்தைக் குழந்தை தன் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

இதற்கு அத்தையே பதில் சொன்னார்: "நீ பொறக்கறதுக்கு முப்பது வருசம் முன்னாடியே போட ஆரம்பிச்சுட்டேன் கண்ணு. நீ வாங்கித் தந்து வரல." நாங்கள் ஆயிரம் முறை சொன்னாலும் இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. நோயை அத்தையிடம் மறைத்திருந்தால் இந்தப் பதிலை அவரால் சொல்லியிருக்க முடியாது.

அன்று முதல் மகளுக்கும் ஒரு வேலை கொடுத்தார். நோட்டில் முப்பது கட்டம் போட்டு, கதிர்வீச்சு முடிந்த நாள்தோறும் ஒன்றில் வண்ணம் தீட்ட வேண்டும். வாய் புண்ணாகிப் பேச முடியாத நாள்களில், காரமில்லாமல் குழைத்த தயிர்சாதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

• திடீரென வீட்டுப்பாடம் நின்றாலோ, அடிக்கடி விடுப்பு எடுத்தாலோ, தனியே அழைத்து, "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று கேளுங்கள். அறிந்ததை வகுப்பில் அறிவிக்க வேண்டாம்.

• வளரிளம் பருவத்தினர் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பையும் சுமக்கலாம். விடுபட்ட பாடங்களை முடிக்கக் கூடுதல் நாள் கொடுங்கள்.

• புகையிலை பற்றிய பாடத்தில், 'நோயை வரவழைத்துக்கொண்டார்கள்' என்ற தொனி வேண்டாம். அதிலுள்ள நிகோட்டின் அடிமையாக்குவது. விட நினைப்பவருக்கு உதவி தேவை என்று விளக்குங்கள். பெரியவரின் பழக்கத்துக்குக் குழந்தை பொறுப்பல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

• 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைகளைக் கடைக்கு அனுப்ப வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசலாம்.

• இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறப்பதில் சிரமம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களை அழைக்கலாம்.

பயத்தோடு மட்டும் இப்பாடம் முடிய வேண்டியதில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. அதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். பாடம் முடிந்தபின் சில நிமிடம் வகுப்பிலேயே இருங்கள். எல்லோர் முன்னும் கேட்க முடியாத கேள்வியோடு ஒரு குழந்தை உங்களிடம் வரக்கூடும்.