கிளம்பும் முன் யாரிடம் ஒப்படைப்பது?

2020 மார்ச் 15 அன்று அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு, வெளிநாடுகளில் இருந்த தன் தொண்டர்கள் அனைவரையும் ஊர் திரும்பச் சொன்னது. கொரோனா காரணமாக நாடுகள் எல்லைகளை மூடிக்கொண்டிருந்த நேரம். 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 பேர் அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். 1961இல் தொடங்கிய அந்த அமைப்பு எல்லோரையும் ஒரேயடியாகத் திருப்பி அழைத்தது அதுவே முதல் முறை. கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வரக்கூடப் பலருக்கு நேரமில்லை.

வெளிநாட்டில் தொண்டுப் பணிக்குப் போகிற நம் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு என்று இருக்கலாம். உடல்நலமோ கலவரமோ நிதிவெட்டோ அதைப் பாதியில் முடித்துவிடும். அப்படியிருந்தும் ஒப்படைப்பைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவதே வழக்கமாக இருக்கிறது. ஒரு பிரிவுபசாரக் கூட்டம், குரூப் போட்டோ, எல்லாக் கோப்புகளையும் போட்ட ஒரு பென் டிரைவ். அந்தப் பென் டிரைவைப் பிறகு யாரும் திறப்பதில்லை.

ஒப்படைப்பைத் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும் என்பதற்கு அடிபம்பை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் பல கிராமங்களில் குடிநீர் தருவது, 1970களில் யுனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவான மார்க்-2 அடிபம்பு. உகாண்டாவில் அதை யு-2 என்கிறார்கள். நல்ல உறுதியான பம்பு. ஆனால் கீழே சிலிண்டருக்குள் இருக்கும் சிறிய வாஷர் தேய்ந்தால், முக்காலி நிறுத்தி, மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். கனமான கருவிகளும் பழகிய ஆட்களும் இல்லாமல் நடக்காது. 1980களில் கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த களச் சோதனையிலிருந்து வந்தது மார்க்-3. அதில் குழாயை அகலமாக்கினார்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் இழுத்து வாஷரை மாற்றிவிடலாம். ஊர்க்காரர்களே முடித்துவிடக்கூடிய வேலை. இரண்டு பம்பிலும் வருவது ஒரே தண்ணீர்தான். தொண்டர் கிளம்பிய பிறகு எது ஓடும் என்பது, எதைப் போடுவது என்று முடிவெடுத்த நாளிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. 2009 வாக்கில் வந்த ஒரு மதிப்பீடு, சகாராவுக்குத் தெற்கே உள்ள அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேலை செய்யவில்லை என்றது.

மீதிப் பாதி ஆட்களைப் பொறுத்தது. வாஷர் எந்தக் கடையில் கிடைக்கும், ஸ்பேனர் யார் வீட்டில் இருக்கிறது, மாத வசூல் யார் கையில் என்பதைப் பம்பைப் பராமரிக்கும் ஊர்க் குழு உறுப்பினர்கள் உங்களைக் கேட்காமல் சொல்ல வேண்டும். பணிக்காலத்தின் நடுவிலேயே ஒருமுறை அவர்களே கழற்றி மாட்டட்டும். நீங்கள் கை வைக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். பள்ளிக் கணினி அறைக்கும் சுகாதார நிலையப் பதிவேட்டுக்கும் இதே முறைதான். பெற்றுக்கொள்பவர் பெயரும் பதவியும் எழுத்தில் இருக்கட்டும். அவருக்கு மாற்றலாகிவிடலாம் என்பதால், இன்னொருவரையும் சேர்த்தே பழக்குங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது கடவுச்சொல்லில். தாங்கள் பணிபுரியும் நிறுவனத்தின் இணையக் கணக்கைத் தங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கியிருப்பார்கள். ஓ.டி.பி. அந்த ஊர் சிம்முக்கு வரும். ஊர் திரும்பியதும் சிம் செயலிழக்கும், கணக்கு யாருக்கும் திறக்காது. பொறுப்பை முன்கூட்டியே நிறுவனத்தின் முகவரிக்கும் எண்ணுக்கும் மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் இருந்தால் நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் திரட்டிய நன்கொடையில் மிச்சம் இருந்தால், வரவு செலவுக் கணக்கோடு நிறுவனத்திடம் சேர்த்து ரசீது வாங்குங்கள். மடிக்கணினி, மோட்டார் சைக்கிள் போன்றவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்து ஒப்புகை பெறாமல் விமானம் ஏறாதீர்கள்.

நோயாளிகளின் பட்டியலும் குழந்தைகளின் படங்களும் உங்கள் நினைவுப் பொருட்கள் அல்ல. கென்யாவும் உகாண்டாவும் 2019இலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிவிட்டன. அந்தப் பட்டியலையும் படங்களையும் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

உங்கள் திட்டம் வேண்டாம் என்று சொல்ல உள்ளூர் மக்களுக்கு முழு உரிமை உண்டு. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தொண்டர்கள் காதில் இது எளிதில் விழுவதில்லை. ஏற்று நடத்த ஆளோ பணமோ இல்லாத திட்டத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டு வருவது தொண்டாகாது. அத்தகைய வேலையைக் கணக்கு முடித்து, காரணத்தை எழுதிவைத்து, முறையாக மூடிவிடலாம்.

உங்களுக்கும் உரிமைகள் உண்டு. ஐ.நா. தொண்டர் திட்டத்திலும் பீஸ் கோரிலும் பணி முடிவில் ஒரு தொகை தரப்படும். பணிச் சான்றும் கிடைக்கும். திரும்பும் பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு முடியும் தேதி, நீங்கள் எழுதிய பாடத்திட்டமோ மென்பொருளோ யாருக்குச் சொந்தம் என்பவற்றை உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பொறுப்பேற்க ஆள் தராமல் நிறுவனம் இழுத்தடித்தால், வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களை அனுப்பிய அமைப்பின் அந்நாட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். பண முறைகேடு கண்ணில் பட்டால், ஐ.நா. தொண்டர்கள் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் (யு.என்.டி.பி.) தணிக்கை, விசாரணை அலுவலகத்தையும், பீஸ் கோர் தொண்டர்கள் அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தையும் அணுகலாம். சிறிய அமைப்பு வழியாகப் போகிறவர்கள், புகாரை யாரிடம் சொல்வது என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலிலேயே கேளுங்கள்: "நான் கிளம்பிய பிறகு இந்த வேலையை யார் பார்ப்பார்?" ஒரு பெயரோ பதவியோ பதிலாக வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.