மூன்று வயது ஊசியை விட்டுவிட வேண்டாம்



பிள்ளை பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசிக்கும், 2, 4, 6 மாத ஊசிகளுக்கும் நம் தோட்டத்துத் தாய்மார் பெரும்பாலும் தவறாமல் வருகிறார்கள். அதற்குப் பிறகுதான் தொய்வு. தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார், பிள்ளை பிள்ளைக்காம்பராவில் இருக்கும். கிளினிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்று நாள் தள்ளிப்போகும். 18 மாத ஊசியும் 3 வயது ஊசியும் இப்படித்தான் விடுபடுகின்றன.

"ஒரு ஊசி போட்டாச்சுதானே, இன்னொன்னு எதுக்கு?"

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது எம்.எம்.ஆர். ஊசி. முதல் ஊசி 9 மாதத்தில், இரண்டாவது 3 வயதில். 9 மாதத்தில் போடும்போது 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் சின்னமுத்தைத் தடுக்கும் சக்தி உண்டாகிறது. மீதி 15 பிள்ளைகள் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களையும் காப்பாற்றத்தான் இரண்டாவது ஊசி.

சின்னமுத்து காற்றில் பரவும் நோய். நோயுள்ளவர் இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் வந்தால் அடுத்த காம்பராவுக்கும், பிள்ளைக்காம்பராவுக்கும் போக எவ்வளவு நேரம்? இது வெறும் சிவப்புத் தடிப்பும் காய்ச்சலும் அல்ல. நிமோனியா, வயிற்றோட்டம், மூளைக்காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இருந்தும் 2023இல் அது நாட்டில் மறுபடி பரவியது.

ஊசி போட வேண்டிய காலம்

* பிறந்ததும்: பி.சி.ஜி.
* 2, 4, 6 மாதம்: ஐந்து நோய்களுக்கான ஊசி, போலியோ மருந்து
* 9 மாதம்: எம்.எம்.ஆர்.
* 12 மாதம்: யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி
* 18 மாதம்: முக்கூட்டு ஊசி, போலியோ சொட்டு
* 3 வயது: எம்.எம்.ஆர். இரண்டாவது
* 5 வயது: பள்ளிக்கூடம் சேரும் வயது ஊசி
* தரம் 6: பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 6 மாத இடைவெளியில் இரண்டு
* தரம் 7: ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி

அரசாங்க கிளினிக்கில் இவை அனைத்தும் இலவசம்.

வழக்கமாகக் கேட்பவை

பிள்ளைக்குச் சளி, போடலாமா? லேசான சளி, இருமலுக்காக நிறுத்த வேண்டியதில்லை. கடும் காய்ச்சல் இருந்தாலோ, முன்பு ஊசிக்குப் பிறகு கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாள் தப்பிப்போச்சே? பரவாயில்லை. முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். வெட்கப்படாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அம்மாள் போட்டிருக்குன்னு சொல்றாங்களே? வேப்பிலை கட்டுங்கள், விரதமும் இருங்கள். ஆனால் காய்ச்சலோடு சிவப்புத் தடிப்பு கண்டால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குத் தகவல் சொல்லுங்கள். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்ப வேண்டாம்.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை: கிளினிக் அட்டையைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை பாட்டியிடம் என்றால் அட்டையும் பாட்டியிடம் இருக்கட்டும்.

இன்று வேலை விட்டு வந்ததும் அட்டையை எடுத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டு வாருங்கள். வெறுமையாக உள்ள கட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.