புகைப்படத்தில் தெளிவின் எல்லை

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், பொம்மையார்பாளையம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காகக் கடல் இழுத்துவரும் மணல் அவற்றால் தடைப்பட்டது. வடக்கேயுள்ள கரைகளுக்கு மணல் வரவு குன்றிற்று. அலை கொண்டுபோவது மட்டும் நிற்கவில்லை. அவ்வாறு கரையை இழந்த ஊர்களுள் பொம்மையார்பாளையமும் ஒன்று.

கல்லூரி மாணவர் இருவர் இவ்வரிப்பைப் படங்களாகப் பதிவு செய்ய முற்படுவதாகக் கொள்வோம். மணலில் அளவுக்கோடுகள் இட்ட கம்பம் ஒன்றை நட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கின்றனர். கம்பத்தின் கோடுகளும் தொலைவிலுள்ள வீட்டு வரிசையும் ஒருசேரத் தெளிவாக விழவேண்டும். இன்றேல் அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு அளக்க இயலாது. ஒருவர் கையில் கைப்பேசி. மற்றவரிடம் விலையுயர்ந்த பெரிய காமிரா. கைப்பேசிப் படத்தில் இரண்டும் தெளிகின்றன. பெரிய காமிராவிலோ கம்பம் தெளிந்தால் வீடு மங்குகின்றது. வீடு தெளிந்தால் கம்பம் மங்குகின்றது. விலை மிகுந்த கருவி தோற்றது ஏன்?

அருகிலுள்ள எப்பொருள் முதல் தொலைவிலுள்ள எப்பொருள் வரை படத்தில் தெளிவாகத் தோன்றுகின்றதோ, அவ்விடைவெளியைப் புல ஆழம் என்பர். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, லென்சின் துவாரம் முழுவதையும் நிறைத்துக் கொண்டு நுழைந்து, பின்னே கூம்புபோல் குவிகின்றது. கூம்பின் நுனி ஒளியுணரியின்மேல் சரியாக விழுந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். நுனி முன்பின்னாக விழுந்தால் சிறு வட்டமாகப் பதியும். துவாரம் அகன்றதாயின் கூம்பு பருத்திருக்கும், வட்டமும் பெரிதாகும். துவாரம் ஒடுங்கியதாயின் கூம்பு மெலியும், வட்டமும் சிறுக்கும்.

அவ்வட்டம் எவ்வளவு பெரிதானால் நம் கண் அதனை மங்கல் என்று கண்டுகொள்ளும்? 25 சென்டிமீட்டர் அகலப் படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கையில், 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த வட்டம் புள்ளியாகவே தோன்றும். 36 மில்லிமீட்டர் அகல உணரியில் விழுந்த பிம்பம் இப்படத்திற்கு 7 மடங்கு பெரிதாக்கப்படுகின்றது. ஆகவே உணரியின்மேல் 0.03 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம்.

இனி நம் மாணவரிடம் வருவோம். பெரிய காமிராவின் உணரி 36 மில்லிமீட்டர் அகலம். லென்சின் குவியதூரம் 28 மில்லிமீட்டர். கைப்பேசியின் உணரி 9 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொண்டால், அதே காட்சி அடங்க 7 மில்லிமீட்டர் குவியதூரம் போதும். இரண்டிலும் துவார எண் எஃப் 2.8 என்க. இவ்வெண் குவியதூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. ஆதலால் பெரியதில் துவாரம் 10 மில்லிமீட்டர். சிறியதில் இரண்டரை மில்லிமீட்டரே. கைப்பேசியை 2.3 மீட்டர் தொலைவில் குவித்தால், 1.2 மீட்டர் முதல் அடிவானம் வரை தெளியும். பெரிய காமிராவை 9.3 மீட்டரில் குவித்தால்தான் அடிவானம் தெளியும். அப்போதும் தெளிவு 4.7 மீட்டரில்தான் தொடங்கும். நம் கம்பமோ ஒன்றரை மீட்டரில் நிற்கின்றது.

“சிறிய உணரி ஆழம் தரும்” என்று பலரும் கூறுவர். அது பாதி உண்மை; பாதி உண்மை மாணவரை முழுப் பொய்யைவிட அதிகம் அலைக்கழிக்கும். பெரிய காமிராவின் அதே 28 மில்லிமீட்டர் லென்சைக் கழற்றி, துவார எண்ணையும் மாற்றாமல், 9 மில்லிமீட்டர் உணரியின் முன் பொருத்திப் பாருங்கள். காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதியும். அதனை அதே 25 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால், மங்கல் வட்டங்களும் முன்னினும் 4 மடங்கு பெருகும். அடிவானம் தெளிய 37 மீட்டரில் குவிக்க நேரும். உணரி சிறுத்தது, ஆழமோ குறைந்தது! கைப்பேசிக்கு ஆழம் தந்தது உணரியன்று. அதனோடு கூடவே சிறுத்த குவியதூரமும் துவாரமுமே.

படப்புள்ளி, அதாவது பிக்சல், இதில் செய்வது யாது? 36 மில்லிமீட்டரில் 6000 புள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 0.006 மில்லிமீட்டர்; 9000 இருந்தால் 0.004. நாம் பொறுத்துக்கொண்ட 0.03 மில்லிமீட்டர் வட்டம் முன்னதில் 5 புள்ளிகளையும் பின்னதில் ஏழரைப் புள்ளிகளையும் மறைக்கும். ஒரே அளவில் அச்சிட்டால் இரண்டிலும் ஆழம் ஒன்றே. கணினித் திரையில் புள்ளி புள்ளியாக விரித்துப் பார்ப்பவருக்கே நுண்புள்ளிக் காமிரா மிகுதியாய் மங்கியதாகத் தோன்றும். அவர் அதை அதிகமாகப் பெரிதாக்கிவிட்டார் என்பதே காரணம்.

அவ்வாறாயின் பெரிய காமிராவை வீட்டில் வைத்துவிடலாமா? வேண்டுவதில்லை. துவார எண்ணை எஃப் 11க்கு மாற்றினால் அதன் துவாரமும் இரண்டரை மில்லிமீட்டராகும். ஆழம் கைப்பேசிக்கு நிகராகும். ஆனால் ஒளி 16இல் ஒரு பங்காகக் குறையும். பதிய 16 மடங்கு நேரம் வேண்டும். 1858இல் தஞ்சையிலும் மதுரையிலும் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், ஏறத்தாழ 15 அங்குல அகலக் காகித நெகடிவ்களைப் பயன்படுத்தினார். அத்துணைப் பெரிய நெகடிவில் ஆழம் வேண்டுவோர் துவாரத்தை மிகவும் ஒடுக்கி, நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். கற்கோயில் அசையாது, அது அவர் பேறு.

நம் மாணவருக்கு அலையும் காற்றும் உண்டு. மாலை ஒளியில் எஃப் 11 வைத்துக் கையில் பிடித்து எடுத்தால் படம் நடுங்கும், முக்காலி தேவை. அதன் கால்களை ஒரு சாண் ஆழமாவது புதைத்தல் நன்று. ஈரமணல் ஒவ்வோர் அலைக்கும் சற்றே இறங்கிக் கொடுக்கும்.