எருவும் குடிநீரும்

கால்நடைகளின் சாணம் மண்ணுக்கு உரமாகிறது, விளைச்சலைப் பெருக்குகிறது. ஆயினும், அதே சாணம் குடிநீரோடு கலக்குமாயின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்டன் என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்த துயரம் இதற்குச் சான்றாகும்.

மாடுகளின் குடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஈ.கோலை ஓ157 என்பதும் ஒன்று. அது பெரும்பாலும் மாட்டை நோய்ப்படுத்துவதில்லை. எனவே, நலமாகத் தோன்றும் மாட்டின் சாணத்திலும் அது இருக்கக்கூடும். மனித உடலுக்குள் புகுந்தாலோ, அது உண்டாக்கும் நச்சு குடலைத் தாக்கிக் குருதி கலந்த வயிற்றுப்போக்கை ஏற்படுத்தும். சிலருக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும்.

வாக்கர்டனுக்கு நீர் வழங்கிய கிணறுகளுள் ஒன்று ஆழம் குறைந்தது. அதனருகே இருந்த பண்ணை நிலத்தில் மாட்டெரு இடப்பட்டிருந்தது. மே மாதத்தில் பெய்த கனமழை, எருவிலிருந்த பாக்டீரியாக்களை நிலத்தடிப் பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றுக்குக் கொண்டு சேர்த்தது. போதிய குளோரின் கலந்திருந்தால் அவை அழிந்திருக்கும். ஆனால், நீரிலுள்ள குளோரினை நாள்தோறும் அளக்காமலேயே, அளந்ததாகப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அங்கு இருந்தது. ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வை ஆராய்ந்த நீதிபதி டென்னிஸ் ஓகானர், எருவிட்ட பண்ணையாளர் உரிய முறைகளைப் பின்பற்றியே செயல்பட்டார் என்றும், அவர்மீது குற்றமில்லை என்றும் தெளிவுபடுத்தினார். எருவுக்கும் நீருக்கும் இடையே இருக்க வேண்டிய காவல் தளர்ந்ததே கேட்டிற்குக் காரணம்.

அக்காவல் பல அடுக்குகளைக் கொண்டது. எருக்குழியைக் கிணற்றுக்கு அருகில் அமைத்தலாகாது. எருவை நன்கு மக்கச் செய்தல் வேண்டும். மக்கும்போது எழும் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாள்கள் நீடித்தால் நோய்க்கிருமிகள் பெரிதும் அழியும். பொதுக்குடிநீரில் குளோரின் அளவை நாள்தோறும் சோதித்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். தொழுவப் பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுதலும் இன்றியமையாதது.

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீர் ஆகாது. அதன் தூய்மையைச் சோதனையே உறுதிசெய்யும். அச்சோதனையை நேர்மையோடு செய்வதே மக்களைக் காக்கும்.