கருகல் வாசனை அடுப்படியில் மட்டுமா?

அடுப்படியில் கருகல் வாசனை வந்தால், எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுவோம். அதே வாசனை காருக்குள் வந்தால்? வண்டியைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறோம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சகோதரிகளே.

அக்காள் பேரனுக்கு முடியிறக்க, பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது ஒரு கருகல் வாடை. “என்னங்க, ஏதோ கருகுது” என்றேன். “எவனாவது சருகைப் பத்த வச்சிருப்பான், நீ சும்மா வா” என்றார் என் கணவர். இரண்டு வளைவு தாண்டியதும் வண்டி தானாக இடது பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் பள்ளம்! குழந்தையோ அக்காள் மடியில் நல்ல தூக்கம். நான் போட்ட சத்தத்தில்தான் வண்டியை நிறுத்தினார்.

இடது முன் சக்கரத்தில் அனல் அடித்தது. அக்காள் மகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். பின்னால் வந்த வேன் டிரைவர், “ஊத்தாதீய தம்பி! சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிப் போயிரும்” என்று தடுத்தார். பெண்களும் குழந்தையும் அந்த வேனிலேயே இறங்கினோம். சாயங்காலம் காரை லாரியில் ஏற்றிப் பாளையங்கோட்டை கொண்டு வந்தார்கள்.

மறுநாள் ஒர்க்ஷாப்புக்கு நானும் போனேன். “அண்ணாச்சி, எனக்கும் வெளங்குத மாதிரி சொல்லுங்க” என்றேன். “வாங்கம்மா, பாருங்க” என்று சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்.

உள்ளே தோசைக்கல் போல ஓர் இரும்புத் தட்டு. அதுதான் டிஸ்க். அதை இடுக்கி போலக் கவ்விப் பிடிப்பது காலிப்பர். பிரேக்கை மிதித்தால், பிரேக் ஆயில் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். இரண்டு பேடுகளும் தட்டை இறுக்கும். காலை எடுத்தால் பிடி தளர வேண்டும். எங்கள் வண்டியில் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து, உள்ளே துருப்பிடித்து, பிடித்தது பிடித்தபடியே நின்றுவிட்டது. உள்பக்கப் பேடு தகடு வரை தேய்ந்து போயிருந்தது.

புதுக் காலிப்பர் மாட்டும்போது பிரேக் குழாய் முனையில் செப்பு வாஷரும் புதிதாகப் போட்டார். பேடுகளை இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாகப் பிடிக்காதாம். பிறகு குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பார்த்த பின்தான் வண்டியை நகர்த்தினார். இது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையோ கையோ நுழைப்பது பேராபத்து.

நாம் கவனிக்க வேண்டியவை:

* பிரேக் பிடிக்கும்போதோ, ஓடும்போதோ வண்டி ஒரு பக்கம் இழுத்தல்.

* ஒரு சக்கரத்தில் மட்டும் அதிகச் சூடு, கருகல் வாடை, கிரீச் சத்தம்.

* பிரேக் மிதி பொதபொதவென்று அமுங்குதல், சக்கரத்தின் உள்பக்கம் ஈரக் கசிவு.

இதில் எது தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டி, உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

திறந்து வைத்த கல்லிடைக்குறிச்சி அப்பளம் நமத்துப் போவது போல, பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலையிறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், ஏறின கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக்குக்குப் பாரம் குறையும்.

இப்போதெல்லாம் “ஏதோ வாசனை” என்று நான் சொன்னால், அவர் மறுபேச்சில்லாமல் வண்டியை ஓரங்கட்டி விடுகிறார். நம் மூக்கை நம்புவோம். வாயைத் திறந்து சொல்லவும் செய்வோம்.