பெருஞ்சிலந்தியின் கடி: அச்சமும் உண்மையும்



கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் மலைப்பாதையில் ஏலப்பாறை என்னும் ஊர் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. மழைக்காலத்து இரவொன்றில் அங்குள்ள லயத்தின் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தியொன்று தென்பட்டதாக வைத்துக்கொள்வோம். "கடித்தால் ஆள் பிழையான்" என்பார் ஒருவர். "மேலே ஊர்ந்தாலே உடம்பு கொப்புளிக்கும்" என்பார் மற்றொருவர். இக்கூற்றுகளில் மெய் எவ்வளவு என்று காண்போம்.

முதலாவது, வீட்டுச் சுவரில் தட்டையான உடலும் நீண்ட கால்களும் கொண்டு விரைந்தோடும் சிலந்தி பெரும்பாலும் கரப்பான் பூச்சியைத் தின்று வாழும் வேறோர் இனம். அதனால் நமக்கு நன்மையே. 'டாரன்டுலா' எனப்படும் பெருஞ்சிலந்தியோ பருத்த உடலும் அடர்ந்த மயிரும் உடையது. மரப்பொந்திலும் மண்வளையிலும் ஒடுங்கி வாழ்வது.

அப்பெயரே ஒரு தவற்றின் நினைவுச் சின்னம். இத்தாலி நாட்டின் தாரந்தோ நகரப் பகுதியில், சிலந்தி கடித்தவர் இசைக்கேற்ப ஓயாது ஆடினாலன்றிப் பிழையார் என்று மக்கள் முற்காலத்தில் நம்பினர். அவர்கள் பழி சுமத்திய சிலந்தியின் கடி உயிருக்கு ஊறு செய்வதன்று. பின்னர், அமெரிக்கக் கண்டத்தில் கண்ட மயிரடர்ந்த சிலந்திகளுக்கும் ஐரோப்பியர் அப்பெயரையே சூட்டினர். பெயரோடு அச்சமும் பரவியது.

அவ்வாறாயின் நம் நாட்டுப் பெருஞ்சிலந்திக்கு நஞ்சே இல்லையா? உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் 'பொயிசிலோதீரியா' என்னும் மரவாழ் இனங்கள் உள்ளன. இவை கடித்தால் கடும் வலியும் வீக்கமும் தோன்றும். சிலருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு, நாட்கணக்கில் வருத்துவதும் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இவ்வினத்திடம் கடிபட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டனர். பாதிக்கு மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு கண்டிருந்தது, ஒருவரும் இறக்கவில்லை.

இனி, கொப்புளத்தைப் பற்றி. மலையாள நாட்டில் 'சிலந்தி விஷம்' என்று சொல்லப்படுவதும், நம்மவர் 'அக்கி' என்பதும் பல வேளைகளில் ஒரு கிருமியால் வரும் நோயே. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த ஒரு சிறு வண்டு தோலின்மேல் நசுங்கினாலும் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். குற்றம் செய்தது வண்டு. பழி சுமப்பது சிலந்தி.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு அஸ்ஸாம் மாநிலத்தின் சதியா பகுதியில் சிலந்தி கடித்து இருவர் இறந்ததாகச் செய்தி பரவி, நாடே திகைத்தது. அவர்கள் முதலில் மந்திரவாதிகளிடம் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், கடிவாய் கீறப்பட்டு இரத்தம் வெளியேற்றப்பட்டது என்றும் செய்தித்தாள்கள் எழுதின. பிரேதப் பரிசோதனை நடவாமையால், சிலந்தி நஞ்சே மரணத்திற்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை.

இருளில் கடித்தது சிலந்தி என்று நாமே முடிவு செய்வதிலும் இடருண்டு. கட்டுவிரியன் உறங்குவோரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் இமைகள் சரியும், மூச்சு தளரும். அதற்கு முறிமருந்து மருத்துவமனையில் உண்டு, மந்திரத்தில் இல்லை.

ஆகவே, கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் இட்டுக் கழுவுக. மோதிரம், வளையல்களைக் கழற்றுக. உறுப்பை அசையாது வைத்திடுக. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை வேண்டா. கடித்தது எது என்று தெரியாவிடினும், தசைப்பிடிப்போ மூச்சுத் திணறலோ கண்டாலும், உடனே மருத்துவமனையை நாடுக.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு சொல். மருத்துவரிடம் அவ்வூர் மொழியில் விரித்துரைக்க இயலாது போகலாம். கடித்த நேரம், இடம், அதன்பின் கண்ட குறிகள் ஆகிய மூன்றையும் அம்மொழியில் சொல்லக்கூடிய ஓர் அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சிலந்திக்கு அஞ்சி ஓடுவதைக் காட்டிலும், காலந்தாழ்த்த அஞ்சுவதே அறிவுடைமை.